டிரெஸ்ஸிங் ரூம் சிஸ்டருக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா முந்தாநாள் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்துவிட்டார். இரண்டு காலோடு வந்துவிட்டார். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நடுராத்திரி கதவைத் தட்டினதும் ஆட்டோவை எடுத்த எதிர்வீட்டு அண்ணன், ஏழு வாரமும் ரசமும் சாதமும் கொடுத்தனுப்பிய சித்தி, கேட்காமலே பணம் அனுப்பிய அப்பாவின் நண்பர்கள், "காலைக் காப்பாத்தத்தான் பாக்கறோம்" என்று சொல்லி அப்படியே செய்து காட்டிய சர்ஜன் ஐயா, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

டிரெஸ்ஸிங் ரூம் சிஸ்டரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதியாக வேண்டும். பெயர் போடக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே போனபோது இருந்ததைவிடப் புண் இரண்டு மடங்கு இருந்தது. சர்க்கரைக்காரர் காலில் கத்தி படக்கூடாது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். கெடுத்துவிட்டார்களே என்று சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். சிஸ்டர் என்னை வெளியே அனுப்பவில்லை. ஒரு டார்ச்சை என் கையில் கொடுத்து, "கிட்ட வாம்மா. நாளைக்கு வீட்ல நீதான் பாக்கப்போற" என்றார்.

ஓரத்தில் மஞ்சளாக, நார் நாராக ஒட்டியிருந்ததை நான் சீழ் என்றே நினைத்திருந்தேன். "சீழ்னா துடைச்சா வந்துரும். இது செத்த சதை. மேல கருப்பா, தோல் மாதிரி இருந்ததும் இதேதான், காஞ்சுபோனது. இது கிடக்கற வரைக்கும் கிருமிக்குச் சாப்பாடு. புதுச் சதை ஏறவும் விடாது, புண்ணு எவ்வளவு ஆழம்னும் காட்டாது. மூடிக் கிடந்ததைத் திறந்திருக்கோம், அதான் பெருசாத் தெரியுது" என்றார்.

இடுக்கியால் அந்த மஞ்சளைப் பிடித்துக் கொஞ்சம் நறுக்கினார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. பக்கத்தில் மாதுளை முத்துப்போலச் சிவப்பாக, பொடிப்பொடியாக இருந்த இடத்தில் காஸ் லேசாக உரசியதும் பொட்டு ரத்தம் துளிர்த்தது. "அப்பாவுக்குத்தான் பாதத்துல உணர்ச்சி இல்லையே, வலிக்குதான்னு கேட்டுப் பிரயோஜனமில்ல. இதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். இது உயிருள்ள சதை" என்றார். ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

வீட்டில் நான் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவேன். நுரை பொங்கினால் சுத்தமாகிறது என்று நம்பினேன். வளர வந்த சதையையும் சேர்த்துப் பொசுக்கியிருக்கிறேன். அதைச் சொன்னபோதும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே சலைன் போதும்மா" என்றார், அவ்வளவுதான்.

இடது குதிகாலிலும் ஒரு கருப்புத் தட்டு இருந்தது. அதையும் எடுத்துவிடுங்கள் என்று நானே கெஞ்சினேன். அந்தக் காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று டாப்ளர் கருவியில் பார்த்திருந்தார்கள். சுற்றிலும் சிவப்பில்லை, கசிவில்லை, வாடையில்லை. காய்ந்து இறுகியிருக்கும்வரை அதுவே மூடி, வெட்டினால் ஆற வழியிருக்காது, தொடவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதை விளக்கினார். எடுக்க வேண்டிய கருப்பும் விட்டுவைக்க வேண்டிய கருப்பும் ஒரே ஆளின் இரண்டு காலிலும் இருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அவர் செய்த இன்னொன்று யாரும் கேட்காதது. காஸ் பொட்டலத்தின் கண்ணாடித்தாள் உறையை இரண்டு மடிப்பாகப் புண்மேல் வைத்து, மார்க்கரால் விளிம்பை வரைந்தார். புண்ணில் பட்ட அடித்தாள் ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பைக்குப் போனது. மேல்தாளை ஸ்பிரிட்டால் துடைத்து, தேதி போட்டு என்னிடம் கொடுத்தார். வாரம் ஒன்று. பயம் வரும் ராத்திரிகளில் வார்டு வராந்தாவில் அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முதல் தாளில் என் உள்ளங்கை அகலம். ஏழாவதில் அதில் பாதிகூட இல்லை.

அப்பாவுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு அளவெடுத்தவரும் சிஸ்டர் சொன்னதையே சொன்னார்: வலி தெரியாத பாதத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதங்களில் கண்டுகொண்டதும் இதுதானாம். இனி தினமும் ராத்திரி டார்ச் அடித்து அப்பாவின் இரண்டு பாதத்தையும், விரலிடுக்கு உட்பட, பார்க்காமல் நான் படுக்கமாட்டேன். வாசல்வரைக்கும்கூட வெறுங்காலோடு விடமாட்டேன். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்கிறேன்.

சிஸ்டர், வியாழக்கிழமை கட்டு மாற்ற வருகிறோம். எட்டாவது தாளை நீதான் வரையணும் என்று சொல்லியிருக்கிறீர்கள். மார்க்கர் வாங்கிவிட்டேன்.