ஊராட்சிக் கணக்கில் இரண்டாவது கையெழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஒத்துப்போகாமல் ஊராட்சி முடங்கும்போதெல்லாம், "கையெழுத்து அதிகாரத்தை ஒருவரிடமே கொடுத்துவிடுங்கள்" என்ற பேச்சு எழுகிறது. கொடுக்கக் கூடாது.

ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, இரண்டாவது கையெழுத்து ஊராட்சி மன்றத்தின் கையெழுத்து. மோட்டார் பழுதுபார்த்ததாக ஒரு பில் வந்தால், வேலை நடந்ததா, தீர்மானம் எங்கே என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைவரானால், ஆதிக்கச் சாதியினர் துணைத் தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு காரணமே சொல்லாமல் கையெழுத்தை நிறுத்தலாம். தூய்மைப் பணியாளருக்கும் தண்ணீர்த் தொட்டி இயக்குபவருக்கும் சம்பளம் நிற்கும். கோபம் தலைவர் மேல் திரும்பும். பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவியையே இயங்கவிடாமல் செய்தார்கள். இது அதையே சத்தமில்லாமல் செய்யும் வழி. கடைசியில் ஆட்சியர் கையெழுத்து அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மாற்றுவார். சம்பளம் கிடைத்துவிடும். ஆனால் தலைவரின் அதிகாரமும் போய்விடும். முட்டுக்கட்டை போட்டவர் நினைத்தது நடந்துவிடும்.

எனவே விதியைத் திருத்துங்கள். தீர்மானத்தோடு வரும் பில்லுக்கு ஏழு நாளில் கையெழுத்திட வேண்டும், அல்லது மறுப்பை எழுத்தில் தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இன்னொரு உறுப்பினர் கையெழுத்திடலாம். தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் அந்த உறுப்பினர் ஒதுக்கீட்டு வார்டிலிருந்து வந்தவராக இருக்கட்டும். சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் யாரும் நிறுத்திவைக்க இடமே இருக்கக் கூடாது.

ஒரே கையில் அதிகாரம் குவிந்தால் என்னவாகும் என்பதற்கு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் ஊராட்சியை அரசு அலுவலரே நடத்தும் தனி அலுவலர் ஆட்சியே சாட்சி. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். 2016-இல் அது நடக்கவில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் கண்ட 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்தபோதும் நடக்கவில்லை. தமிழ்நாடு முழுவதும் 388 ஒன்றியங்களில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஒன்றியத்துக்குச் சராசரியாக 32. அத்தனை ஊர்களுக்கும் தீர்மானம் போடுபவர், ஒப்புதல் தருபவர், பணம் விடுவிப்பவர் எல்லாம் ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், 32 ஊரின் குழாயடியையும் அவர் எப்படிப் பார்ப்பார்?

மிஞ்சுவது கிராம சபை. 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் அது செல்லும். பதிவேட்டில் கையெழுத்து சேர்ப்பதோடு கூட்டத்தை முடித்துவிடாமல், தனி அலுவலர் காலத்துச் செலவுகளை அங்கே பில்வாரியாக வாசிக்க அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்,
விருத்தாசலம்