‘கிறுக்கல்’ என்று மட்டும் எழுதாதீர்கள்: நோட்டுத் திருத்தும் தமிழ் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாணவரின் நோட்டு ஓரத்தில் சிவப்பு மையில் நீங்கள் எழுதும் ஒரு சொல்லைப் பற்றியே இந்த மடல். ‘கிறுக்கல்.’ கோபம் கூடினால் ‘கோழிக் கிறுக்கல்’. கையெழுத்தில் என்ன குறை இருந்தாலும் இந்த ஒரு சொல்லே போதும் என்றாகிவிட்டது. தன் கை எந்த எழுத்தில் தவறுகிறது என்பது மட்டும் மாணவருக்குத் தெரிவதில்லை.

கிறுக்கு என்றால் பேச்சு வழக்கில் பித்து. கிறுக்கன் என்பது வசை. அதனால் கிறுக்கல் என்ற சொல் கையைத் தாண்டி ஆளைத் தொட்டுவிடுகிறது. ஒருவர் தன் கவிதையை நீட்டி ‘ஏதோ கிறுக்கியிருக்கேன்’ என்றால் அது அடக்கம். அதையே பிறர் சொன்னால் ஏளனம். எழுதத் தெரியாத குழந்தை சுவரில் இழுக்கும் கோடுகளுக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும், அங்கே எழுத்தே இல்லை என்பதால். எழுத்து இருந்து, தெளிவு மட்டும் குறைந்த இடத்தில் அதைப் போடுவது தவறு.

‘கோழி கிளறினாற்போல’ என்பதற்கும் குறிப்பான பொருள் உண்டு. கோழி கிளறும்போது நகம் திசைக்கு ஒன்றாக இழுக்கும். ஓர் எழுத்து இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சாய்ந்து கிடக்கும் பக்கத்துக்கே அது பொருந்தும். எழுத்து சரியாக இருந்து வரி மட்டும் ஏறி இறங்கினால் கோணல்மாணல்; அதற்கு இரட்டைக்கோடு நோட்டு போதும். முதல் பத்தி முத்துமுத்தாக இருந்து கடைசிப் பத்தி சிதைந்தால் அது அவசரக்கோலம். பேனாவை இறுக்கிப் பிடித்து விரல் சோர்ந்திருக்கும், அல்லது நேரம் போதாமல் போயிருக்கும். அந்த மாணவரைப் பத்துப் பக்கம் பார்த்து எழுதச் சொன்னால் விரல் இன்னும் சோரும், அவ்வளவுதான். ‘கூட்டெழுத்து’ என்பதைக் குறைச்சொல்லாக ஆக்கவே வேண்டாம். சேர்த்து எழுதுவது ஒரு முறை. படிக்க முடிந்தால் அதில் பிழையில்லை.

தமிழில் அவசரம் முதலில் பிடிப்பது புள்ளியை. பலர் சொல்லை முழுவதும் எழுதிவிட்டு, திரும்பி வந்து புள்ளி வைக்கிறார்கள். புள்ளி அடுத்த எழுத்தின் தலைக்கு நகரும், இல்லையேல் விடுபடும். ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். மெய்யெழுத்தை எழுதிய உடனே, அடுத்த எழுத்துக்குப் போகுமுன் புள்ளி வைக்கப் பழக்குவதே இதற்கு வழி.

அடுத்தது ரகரம். அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோட்டை விட்டால் அது வெறும் கால். ‘மரம்’ ‘மாம்’ என்று நிற்கும். இங்கே மாணவரை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றை அந்தக் கோடில்லாமல் எழுதுவது பழைய வழக்கம். புள்ளியோ மேல்விலங்கோ (‘ி’ என்ற குறி) அங்கே அடையாளம் காட்டிவிடும். தனி ரகரத்துக்கு அந்தத் துணை இல்லை. இதை ஒருமுறை விளக்கிச் சொன்னாலே பலருக்குப் பிடிபடும்.

சுழிகள் கரைவது மூன்றாவது. மூன்று சுழி ண வேகத்தில் இரண்டு சுழி ன ஆகும், ‘பணி’ ‘பனி’யாகிவிடும். இதை எழுத்துப்பிழை என்று மதிப்பெண் குறைக்குமுன், அதே மாணவர் நிதானமாக எழுதிய பக்கத்தைப் பாருங்கள். அங்கே சுழி சரியாக இருந்தால் குறை கைவேகத்தில்தான். இரட்டைக் கொம்பின் மேல்சுழி விழாவிட்டால் ‘கேடு’ ‘கெடு’வாகும். மேல்விலங்கின் சுழி மூடாவிட்டால் ‘வீடு’ ‘விடு’வாகும்.

ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்தை ஏகாரத்திலிருந்து அன்று பிரித்துக் காட்டியதும் புள்ளியே என்பதால், அந்த வேறுபாடும் தெரியாது. அதை யாரும் கிறுக்கல் என்பதில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொண்டார். ஏகார ஓகாரங்களுக்கு இன்றுள்ள வடிவம் வந்தது 18ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவரின் திருத்தத்துக்குப் பிறகு. தாளில் எழுதும் இன்றைய மாணவருக்குப் புள்ளியை விட்டுவிட அந்தக் காரணம் இல்லை. ஆனால் விடுபட்டது புள்ளி என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. ‘கிறுக்கல்’ என்று எழுதும் இடத்தில், தவறிய எழுத்தை வட்டமிட்டு, ‘புள்ளி விடுபட்டது’, ‘சுழி குறைகிறது’, ‘ரகரத்தில் கோடில்லை’, ‘வரி ஏறுகிறது’ என்று எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு குறை போதும். நான்கைச் சேர்த்து எழுதினால் மாணவர் எதையும் திருத்தமாட்டார். வாரம் ஒருமுறை நோட்டுகளை மாற்றிக்கொடுத்து, ஒருவர் எழுதிய பத்து வரியை இன்னொருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். படிப்பவர் தடுமாறும் இடத்தில் எழுதியவரே கோடிடட்டும். அடுத்த வாரம் அந்தக் கோடுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.