வெற்றிட அறிவித்தல்களைக் கணினி நிரல்களும் படிக்கும் வடிவில் வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமைதோறும் அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும் பதவி வெற்றிட அறிவித்தல்கள், மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வாழும் இளைஞர் யுவதிகளின் கைக்கு வரும்போது, பல வேளைகளில் விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிவிடுகிறது. சில வேளைகளில் கடந்தும்விடுகிறது. இதற்குத் தீர்வாகப் புதிய செயலி ஒன்றை உருவாக்க வேண்டும் என்று பலர் கூறுகின்றனர். மென்பொருள் துறையில் பணிபுரியும் மலையகத்தவர் என்ற வகையில், செயலிக்கு முன்னர் செய்யப்பட வேண்டிய பணி ஒன்று உள்ளதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துக்கூற விரும்புகிறேன்.

2024 ஜனவரி 1 முதல் 'பிரான்ஸ் திராவாய்' என்ற பெயரில் இயங்கும் பிரான்சின் அரச வேலைவாய்ப்புச் சேவை, தன்னிடமுள்ள வேலை அறிவித்தல்களை இணையத்தளத்தில் காட்டுவதோடு நின்றுவிடாமல், கணினி நிரல்கள் நேரடியாகக் கேட்டுப் பெறக்கூடிய ஏபிஐ (API) என்ற இணைப்பு வசதி வழியாகவும் வழங்குகிறது. கட்டணமின்றிப் பதிவு செய்பவருக்கு ஓர் அடையாளமும் இரகசியச் சாவியும் கிடைக்கின்றன. அவற்றைக் காட்டிக் குறுகிய காலமே செல்லுபடியாகும் அனுமதி ஒன்றைப் பெற்று, தொழில், இடம், திகதி என நிபந்தனைகளிட்டுத் தேடலாம். ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 150 அறிவித்தல்களே வரும். முழுப் பட்டியலும் வராவிட்டால், வந்தது பகுதி மட்டுமே என்பதை 206 என்ற குறியீடு உணர்த்தும். இவ்விதிகளைப் படித்து, ஒவ்வொருவரும் தனித்தனியே நிரல் எழுதத் தேவையில்லாதபடி, அச்சேவையைச் சாராத ஒருவர் பைதன் என்ற நிரல்மொழியில் நூலகம் ஒன்றை, அதாவது மற்றவர்கள் தம் நிரலில் சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பை, எழுதி, எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் கூடிய திறந்த மூலமாக வெளியிட்டுள்ளார். அனுமதி பெறுவது, நிபந்தனைகளை அனுப்புவது, மொத்தத்தில் எந்தப் பகுதி வந்துள்ளது என்று சொல்வது, ஊர்களுக்கும் தொழில்களுக்கும் உரிய குறியீடுகளைத் தருவது ஆகியவற்றை நூலகமே பார்த்துக்கொள்கிறது. அதைப் பயன்படுத்தும் மாணவர் ஒருவர் சில வரிகளில் தன் ஊரின் வெற்றிடங்களைப் பட்டியலிட்டுவிட முடியும்.

சுவீடனின் அரச வேலைவாய்ப்புச் சேவை இன்னும் ஒரு படி முன்னே சென்று, புதிதாகச் சேர்ந்த அறிவித்தல்களோடு நீக்கப்பட்டவற்றையும் உடனுக்குடன் அறிவிக்கிறது. முடிவுத் திகதி கடந்த விளம்பரங்கள் மாதக்கணக்கில் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருவதையும், அவற்றை நம்பிப் பிள்ளைகள் பதிவுத் தபாலுக்குப் பணம் செலவழிப்பதையும் கண்டவர்களுக்கு இவ்வசதியின் அருமை புரியும்.

நம் நாட்டில் இத்தகைய நூலகத்தை எழுதும் திறன் கொண்டவர்களுக்குப் பஞ்சமில்லை. அட்டனிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் கணினிக் கல்வி கற்று வெளிவரும் நம் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். ஆனால் நூலகம் பேசுவதற்கு மறுமுனையில் ஒழுங்கான தரவு இருக்க வேண்டும். வர்த்தமானி பிடிஎப் கோப்பாகவே இணையத்தில் கிடைக்கிறது. கோப்பிலிருந்து பதவியின் பெயரையும் சம்பளத் திட்டத்தையும் முடிவுத் திகதியையும் நிரலால் பிரித்தெடுப்பது கடினம். பக்க அமைப்பு சற்று மாறினாலும் நிரல் தவறிவிடும். தமிழ் ஆவணங்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்களின் கலவையே. அதில் 'ஆசிரியர்' என்று, இன்று கணினிகளும் கைபேசிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறிமுறையான யுனிகோட் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அரசகரும மொழியாகத் தமிழ் அரசியலமைப்பில் இடம்பெற்றுள்ள நாட்டில், தமிழில் வெளியான வெற்றிடத்தைத் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க முடியாதிருப்பது ஏற்கத்தக்கதல்ல.

எனவே மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களம் தன்னிடம் பதிவாகும் வெற்றிடங்களுக்கும், வர்த்தமானியை வெளியிடும் அதிகாரிகள் அதிலுள்ள வெற்றிட அறிவித்தல்களுக்கும் பொதுவான ஒரே தரவு வடிவத்தை வகுக்க வேண்டும். பதவி, நிறுவனம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கல்வித் தகைமை, வயதெல்லை, முடிவுத் திகதி என்பவற்றோடு, கேட்கப்படும் தேசிய தொழிற்றகைமை (NVQ) மட்டமும் தரவில் தனிப் பகுதியாக, அதாவது தனிப் புலமாக, அமைவது மிக அவசியம் என்பேன். தையல், மின்னிணைப்பு, மரவேலை போன்ற பயிற்சிகளை முடித்து 3ஆம் அல்லது 4ஆம் மட்டச் சான்றிதழ் பெற்ற தோட்டப்புற இளைஞருக்கு, தமக்குப் பொருத்தமான வெற்றிடத்தை நேரே காட்டக்கூடியது அந்தப் புலமே. மூன்று மொழிகளுக்கும் ஒரே குறியீடு இருந்தால், சிங்களத்தில் மட்டும் பதிவான வெற்றிடமும் தமிழில் தேடுபவருக்குக் கிடைக்கும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இதனைத் தாமதிக்க வேண்டியதில்லை. வெற்றிட அறிவித்தலில் விண்ணப்பதாரரின் விபரம் எதுவும் இல்லை. அது ஏற்கெனவே பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட தகவல். பெருஞ்செலவும் ஏற்படாது. ஏபிஐ அமைக்கக் காலம் எடுக்குமானால், அதுவரை வாரந்தோறும் யுனிகோடில் ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பை வெளியிட்டாலும் போதும். நூலகத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

பிரதேச செயலகங்களிலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும் இது உதவும். தம் பிரிவுக்குரிய வெற்றிடங்களை அச்சிட்டுத் தோட்ட நூல்நிலையங்களிலும் பாடசாலைகளிலும் ஒட்டுவதற்கு அவர்கள் பல இணையத்தளங்களைத் தேடி அலைய வேண்டியிராது. மலையகத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கோரிக்கையைத் தொழில் அமைச்சின் ஆலோசனைக் குழுவில் எழுப்பி, முதற்கட்டமாக நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் வெற்றிடங்களையேனும் இவ்வடிவில் வெளியிட நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மென்பொருள் துறை வாசகர் ஒருவர்,
தலவாக்கலை.