உளுந்து123

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்திக்கு மொட்டை போட்ட படத்தையும் பார்த்தேன். மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம் குழந்தை. ரங்கூனில் எல்லோரும் சுகம். கரண்டு வந்தால் மாவாட்டுகிறோம், போனால் விசிறிக்கொண்டு உட்காருகிறோம்.

சரி, நீ கேட்ட விஷயம். சென்னைக் கடைக் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்க கம்ப்யூட்டரை இணையத்தில் திறந்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் கணக்கும் சரக்கு இருப்பும் கிட்டங்கியில் உள்ள சர்வரில் இருக்கின்றன. பயின்னவுங் சந்தையில் நின்றபடியே எத்தனை மூட்டை உளுந்து மிச்சம் என்று பார்க்கலாமே என்று, தூரத்திலிருந்தே அந்த மெஷினின் திரையைப் பார்த்து வேலை செய்ய உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவைத்தோம். ஒருநாள் காலை மெஷின் நகரவே மாட்டேன் என்றது. மருமகன் விண்டோஸ் பதிவுகளைத் திறந்து 4625 என்ற எண்ணைத் தேடினான். உள்ளே நுழையப் பார்த்துத் தவறியவை எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகுமாம். கீழே இறக்கிக்கொண்டே போனான், முடிவே வரவில்லை. அட்மின், டெஸ்ட், அக்கவுண்ட்ஸ் என்று ராத்திரி முழுக்க எவனோ பெயர் பெயராகச் சொல்லிக் கதவைத் தட்டியிருக்கிறான். ஆள்கூட இல்லை, ஒரு நிரல். எங்களைத் தெரிந்து வந்ததும் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வழக்கமான 3389ஆம் போர்ட், அதாவது மெஷினுக்குள் போகும் எண் போட்ட வாசல், எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் பூராவும் துழாவிக்கொண்டே திரியும் கூட்டம் அது.

உள்ளே வரவில்லை. எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதே. கணக்கப்பிள்ளை வைத்திருந்த பாஸ்வேர்ட் உளுந்து123. அவர்கள் பட்டியலில் உளுந்து இல்லை போலிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆமாம், பட்டியல்தான். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் கசிந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அப்படிக் கசிந்தவற்றை வைத்துக்கொண்டுதான் தட்டுகிறார்கள். எழுத்தெழுத்தாக மாற்றிப் பார்ப்பது இணையம் வழியாக ஆகிற காரியமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆங்கிலச் சின்ன எழுத்து எட்டை வைத்தே 20,000 கோடிக்கு மேல் சேர்க்கைகள் வருகின்றன. நொடிக்குப் பத்து என்று தட்டினால் 600 ஆண்டுக்கு மேல் ஆகும். மனிதன் தன் ஞாபகத்துக்குத் தோதாக ஒரு சொல்லை வைக்கிறானே, அதனால்தான் ஒரு ராத்திரி போதுகிறது.

ஐந்து முறை தவறினால் பதினைந்து நிமிடம் பூட்டு என்று மருமகன் வைத்தான். மறுநாள் மாட்டியது யார் தெரியுமா? கணக்கப்பிள்ளை! அவருடைய பயனர் பெயர் அக்கவுண்ட்ஸ். வெளியே இருப்பவன் அந்தப் பெயரில் தவறிக்கொண்டே இருக்க, இவரால் உள்ளே போக முடியவில்லை. கப்பலுக்குப் பத்திரம் போக வேண்டிய நாள் வேறு. அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. இன்னொரு தந்திரமும் உண்டு: ஒரே பாஸ்வேர்டை நூறு பெயர்களில் நிதானமாகப் போட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பெயரிலும் ஐந்து தவறு சேராது, பூட்டும் விழாது.

ஆகவே பூட்டை மட்டும் நம்பாதே, கதவே தெருவைப் பார்த்து இருக்கக் கூடாது. விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே உன் ஆட்களுக்கு மட்டுமான மறைவான வழி, போட்டு அதற்குப் பின்னால் சர்வரை வைத்துக்கொள். உனக்கு அது சுலபம். எங்களுக்கு 2025 சனவரியில் இயற்றிய சைபர் சட்டத்தில் அனுமதியில்லாத விபிஎன் சேவைக்குத் தண்டனை உண்டு. எதற்கு வம்பு என்று, சந்தை அலுவலக இணைப்பின் மாறாத இணைய எண்ணான ஐபி முகவரிக்கு மட்டும் வழிவிட்டு மற்றதை ரௌட்டரிலேயே அடைத்துவிட்டோம். தட்டல் அன்றைக்கே நின்றது. போன வருஷம் வேலையை விட்டுப் போன பையனின் பயனர் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது, அதையும் எடுத்தோம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்ற வழக்கமும் போயிற்று.

அப்புறம் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சாவி. எஸ்எம்எஸ் வேண்டாம் என்றேன், இங்கே எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போனில் ஒரு செயலி, முப்பது நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் காட்டும். போனும் சர்வரும் ஒரே ரகசியத்தையும் நேரத்தையும் வைத்து அந்த எண்ணைத் தனித்தனியே கணக்கிடுகின்றன. அதனால் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் எண் வந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்த வசதி தானாகக் கிடையாது, தனியாக ஒரு மென்பொருள் சேர்க்க வேண்டியிருந்தது.

முதல் நாள் கணக்கப்பிள்ளையின் எண்ணை மட்டும் சர்வர் ஏற்கவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், வேலைக்குத் தாமதமாகிவிடக் கூடாது என்று மனிதர் போன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்!

இப்போது நாலு சொல் சேர்ந்த நீளமான பாஸ்வேர்ட் வைத்திருக்கிறார். என்னவென்று நான் கேட்டேன். முதலாளிக்கும் சொல்வதற்கில்லை என்றுவிட்டார். துவரையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடையில் யார் யார் கையில் பாஸ்வேர்ட் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுது. பேத்திக்கு என் முத்தம்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்