குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாததால் கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே ஆட்களோடு மறுபடி கூடியிருக்கிறோம். விதி அதை அனுமதிக்கிறது.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடி ஏற்றப்பட்டது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. மழைக்காலத்தில் கொசு மருந்து அடிக்கப்பட்டது. பொங்கல் விழா கோலப் போட்டியோடு சிறப்பாக நடந்தது. பரிசு வழங்கிய அன்பர்களுக்கு நன்றி.

அடுத்து, சங்கக் கட்டடத்தின் தோட்ட விளக்குகள். ஆளுக்கொரு விதமாகப் பேசியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன்.

கோடையில் தோட்டக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி ஈரக் கையால் விளக்குக் கம்பத்தைத் தொட்டிருக்கிறார். "சார், சுர்ருனு இழுக்குது" என்று வந்து நின்றார். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அதோடு போயிற்று. அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தோண்டிப் பார்த்தோம். ஒரு சாண் ஆழத்தில், வீட்டுக்குள் சுவரில் ஓட்டுகிற சாதாரண வயர். பாதி தூரத்துக்குத்தான் பிவிசி பைப். மண்ணுக்குள்ளேயே ஜாயின்ட், அதன்மேல் கறுப்பு டேப். டேப்பைப் பிரித்தால் உள்ளே தண்ணீரும் பச்சை பூத்த செம்புக் கம்பியும். படிப்பறை பிளக்கிலிருந்து ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் போயிருந்தன, எர்த் கம்பியே கிடையாது. இரும்புக் கம்பத்தில் கசிந்த கரன்ட்டுக்கு, தொடுகிறவர் உடம்புதான் வழி. இப்படித்தான் இத்தனை வருடம் எரிந்திருக்கிறது.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் புதிதாகவே செய்தோம். போர்டிலிருந்து தோட்டத்துக்கென்று தனி லைன். அதற்கு 6 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவை மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்). மூன்று கோர் ஆர்மர்டு கேபிள் (உள்ளே மூன்று கம்பி, மேலே இரும்புக் கவசம்), இரண்டரை அடிப் பள்ளம், கீழும் மேலும் மணல், அதன்மேல் செங்கல். மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்கூட இல்லை. எல்லா இணைப்பும் தரைக்கு ஓரடி மேலே, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டிக்குள். கேபிள் பெட்டிக்கு அடியிலிருந்து கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் வளையம்) வழியாக ஏறுகிறது, மேலே துளை கிடையாது. ஒவ்வொரு கம்பமும் எர்த்தில் சேர்ந்திருக்கிறது. குழந்தைகள் ஓடியாடும் நடைபாதை ஓரத்தில் மட்டும் 12 வோல்ட் விளக்குகள், அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் கட்டடத்துக்குள்.

"விளக்கைவிட வயருக்குத்தான் அதிகச் செலவு" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். உண்மைதான். 12 வோல்ட்டில் 36 வாட் இழுத்தால் 3 ஆம்பியர் ஓடும். 20 மீட்டர் தள்ளி இருக்கும் விளக்குகளுக்கு ஒன்றரை ஸ்கொயர் (கம்பியின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்) வயர் போட்டால் போகவர வயரிலேயே சுமார் ஒன்றரை வோல்ட் காணாமல் போய்விடும். கடைசி விளக்கு மங்கும். நாலு ஸ்கொயர் போட்டதால் அந்த இழப்பு அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் எழுதிக் காட்டினேன். வாட்ஸ்அப்பில் எழுதியவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் வந்தது. தோட்டத்தில் தண்ணீர் நின்றது, ஆர்சிசிபி விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. "அதைக் கழற்றிட்டு டைரக்டா கொடுத்துடலாமே சார்" என்று ஒரு மூத்த உறுப்பினர் யோசனை சொன்னார். மறுத்தேன், அவருக்கு வருத்தம். ஃபேஸில் போகிற கரன்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பாவிட்டால்தான் ஆர்சிசிபி விழும். எம்சிபியை மட்டும் நம்பியிருந்தால், அது 6 ஆம்பியரைத் தாண்டும்வரை பேசாமல் இருக்கும்; 30 மில்லி ஆம்பியரைப் போல 200 மடங்கு அது. ஒவ்வொரு விளக்காகக் கழற்றிப் பார்த்ததில், அன்பளிப்பாக வந்த ஒரு விளக்கில் ரப்பர் வாஷரே இல்லை, கண்ணாடிக்குள் கால்வாசித் தண்ணீர். அதை எடுத்ததும் மற்றவை எரிந்தன. அன்பளிப்புக்கு நன்றி, வேறு விளக்கு மாட்டியாயிற்று.

இதே எலக்ட்ரீஷியன் உறுப்பினர்கள் வீட்டுத் தோட்ட வயரிங்கையும் சலுகைக் கட்டணத்தில் பார்த்துத்தர ஒப்புக்கொண்டார். கேட்டு வந்தவர்கள் சொற்பம். ஒரு வீட்டில் புதிய ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஓரமாகத் தூக்கி வைத்திருந்தார்கள். ஃபேஸைப் புது லைனிலிருந்தும் நியூட்ரலைப் போர்ட்டிகோ லைனிலிருந்தும் எடுத்திருந்தார்கள், விழாமல் என்ன செய்யும்? ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் காம்பவுண்டு சுவர்மேல் ஓட்டி மாமரத்தில் சீரியல் பல்பு கட்டியிருப்பவர்கள், அடுத்த மழைக்கு முன்பாவது கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன, சந்தா பாக்கியை வரவாக நினைத்துக்கொண்டால். தோட்டம் ஜெகஜோதியாக எரியும் சில வீடுகளும் பாக்கிப் பட்டியலில் இருக்கின்றன. பெயர் சொல்லப்போவதில்லை, பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். மோட்டார் அறைப் பக்கம் இன்னும் இருட்டுதான். கேபிள் அங்குள்ள பெட்டிவரை போய் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. விளக்கு வாங்கத்தான் பணமில்லை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கேபிள் போகும் வழியின் வரைபடம் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். இன்று மாலைவரை யாரும் விருப்பம் தெரிவிக்கவில்லை.

தலைவருக்கும் குழுவினருக்கும் தோட்டக்காரருக்கும் நன்றி. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார், ஜிபேயும் ஏற்றுக்கொள்வார். காபி அதற்கு அப்புறம்.

இப்படிக்கு,
செயலாளர்