அக்டோபர் குதிரைச் சவாரி: கோடக்ரோம் பேசின்

மக்களே, அக்டோபர் சவாரிக்கு யூட்டாவில் கோடக்ரோம் பேசின் பூங்கா என்று முடிவாகிவிட்டது. பிரைஸ் கேன்யனுக்குப் பக்கம்தான், ஆனால் அந்தக் கூட்டம் இங்கே அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. பெயர், கேமராவில் போடுகிற கோடக்ரோம் கலர் ஃபிலிமுடைய பெயரேதான். 1948-ல் வந்த நேஷனல் ஜியோகிராஃபிக் குழு பாறைகளின் நிறத்தைப் பார்த்து வைத்தது.

பனோரமா பாதை, சுமார் 6 மைல், மெதுநடைதான், அதனால் முதல்முறை ஏறுகிறவர்களும் தாராளமாக வரலாம். ஜீன்ஸும், கொஞ்சம் குதிகால் வைத்த மூடிய ஷூவும் கட்டாயம். தட்டை ஷூ என்றால் கால் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கிற வளையம்) சறுக்கி மாட்டிக்கொள்ளும், விழுந்தால் ஆபத்து. இடம் 5,800 அடி உயரம், காலையில் நடுங்கும், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும், வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். அப்புறம், பாதையோரம் கறுப்பாக, பொருக்குத் தட்டினாற்போல் இருக்கிற மண் உயிருள்ளது, ஒரு குளம்பு பட்டால் மீள வருஷக்கணக்காகும். போட்டோவுக்காகக் குதிரையை அதன்மேல் திருப்பாதீர்கள்.

லாயத்தில் எல்லாருடைய எடையும் கேட்கிறார்கள். குழுவில் போட வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள், பாவம் குதிரை.