முரளிக்கு, ஜூல் கணக்கு

பெங்களூரு, மடிவாளா

முரளி,

தீபாவளி வாழ்த்துக்கே பதில் போடாதவன் என்று திட்டித் தீர்த்திருப்பாய். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? சங்கரன் இன்னும் பிஹெச்பி மொழி செத்துவிட்டதென்று இரங்கல் வாசிக்கிறானா?

நீ அனுப்பிய அட்டவணையை மேலாளரிடம் காட்டித் தொலைக்காதே. பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவைத் தூக்கி ரஸ்ட் மொழிக்குப் போனால் மின்சாரம் 70 மடங்கு மிச்சமாம்! அது 2017இல் 27 மொழிகளை ஒப்பிட்ட ஆய்வின் எண்: மின்செலவு சி மொழிக்கு 1 என்றால், ரஸ்ட்டுக்கு 1.03, பைத்தானுக்கு 75.88. அங்கே ஓடியவை சிபியுவை முறுக்கும் சின்னக் கணக்கு நிரல்கள். நம் சர்வரோ முக்கால்வாசி நேரம் டேட்டாபேஸ் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதே பட்டியலில் ஜாவாஸ்கிரிப்ட் 4.45, டைப்ஸ்கிரிப்ட் 21.50. கடைசியில் ஓடுவது இரண்டிலும் ஜாவாஸ்கிரிப்ட்தானேடா, அந்த எண்ணை எப்படி அப்படியே நம்புவது!

நீயே அள. வாடகை கிளவுட் மெஷின் வேண்டாம், சிபியு குடிக்கும் மின்சாரத்தை ஜூலில் எண்ணிக்கொண்டே போகும் இன்டெலின் ராப்ல் எண்ணி (கவுன்ட்டர்) அங்கே பெரும்பாலும் கண்ணில் படாது. சொந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டு, சிபியு வேகத்தைத் தானே ஏற்றும் டர்போவை அணைத்து, முழு அதிகாரமுள்ள ரூட்டாக நுழைந்து எண்ணியைப் படி. ரிக்வெஸ்ட் அனுப்பிச் சுமை கொடுக்கும் டபிள்யூஆர்கே2 என்ற கருவி வேறு மெஷினில் இருக்கட்டும். எல்லா ஃப்ரேம்வொர்க்குக்கும் நொடிக்கு ஒரே 500 ரிக்வெஸ்ட். வரம்பில்லாமல் அவிழ்த்துவிட்டால் வேகமானது அதிக வேலை செய்து அதிக வாட் இழுக்கும், பழியும் அதன் தலையில் விழும்.

ஜாவாவின் ஸ்பிரிங் பூட் என்றால் முதல் சில நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதே, ஓடும்போதே நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் தின்பது அது. ஜாங்கோவில் பிழை தேட உதவும் டீபக் அணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் குவெரியையும் குறித்துவைக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் எக்ஸ்பிரஸுக்கு இது ப்ரொடக்ஷன் (நிஜப் பயன்பாடு) என்று சொல்லாவிட்டால் பக்கத்தின் டெம்ப்ளேட்டை கேஷ் செய்து வைத்துக்கொள்ளாது.

இப்போது கணக்கு. 5 நிமிடத்தில் 1,50,000 ரிக்வெஸ்ட், எண்ணி காட்டுவது 9,000 ஜூல் என்று வை. சும்மா இருக்கும்போதே 20 வாட் என்றால் அதில் 6,000 போயிற்று. மிச்சம் 3,000, ரிக்வெஸ்டுக்கு 20 மில்லிஜூல். ஃப்ரேம்வொர்க்கை மாற்றி இந்த 3,000-ஐப் பாதியாக்கினாலும் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறையும். தூங்குகிற இரண்டு சர்வரை ஒன்றாக்கினால் ஒரு 6,000 அப்படியே போகும். உன் மேலாளரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

எண்ணி நிரம்பினால் சுழியத்துக்குத் திரும்பும், ஜூல் மைனஸில் வந்தால் பயப்படாதே. சர்வர் தடுக்கி விழுந்து '500' என்ற பிழை எண்ணோடு அனுப்பும் பதில்களை ரிக்வெஸ்ட் கணக்கிலிருந்து கழித்துவிடு. விழுந்து கிடக்கும் சர்வரைவிடச் சிக்கனமானது எதுவுமில்லை! டேட்டாபேஸ் பெட்டியையும் அள, டேட்டாபேஸுக்கான கேள்விகளைத் தானே எழுதும் ஓஆர்எம் ஒரு பக்கத்துக்கு நூறு குவெரி விட்டால் சூடு அங்கேதான் ஏறும்.

ராப்ல் பெரும்பாலும் சிபியுவையும் மெமரியையும் தாண்டிப் பார்க்காது. பிளக்கில் செருகும் வாட் மீட்டரை மச்சினன் செம்பூர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். லேப்டாப்பில் அளப்பதானால் சார்ஜ் முழுசாக ஏறியபின் அள. கரண்ட் போய் வந்த கையோடு அளந்தால் பேட்டரி குடிப்பதும் பாவம் ஜாங்கோ கணக்கில் ஏறும்.

ராஜா